கடற்கரையில் இறங்கிய விமானி

எழுபதுகளின் கடைசியில் ஒருநாள், எஞ்சின் நின்றுபோன சின்ன விமானம் ஒன்று எங்கள் கோட்டுச்சேரிமேட்டுக் கடற்கரையில் இறங்கியது. பதறி ஓடினோம். ஒல்லியான இளைஞர் ஒருவர் கீறல்கூட இல்லாமல் வெளியே வந்து, முதலில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"உசுரு பொழச்சதே பெருசு. மணியப் பாக்குறீங்களே தம்பி?" என்றார் அப்பா.

"பறந்த நேரம் சேந்தாத்தாங்க பைலட் வேலை கிடைக்கும். சொந்தமாப் பறக்க வசதியில்ல. சினிமாக் கொட்டகை நோட்டீச மேலேர்ந்து போட்டுக் குடுத்தா, பெட்ரோல் அவங்க செலவு."

அம்மா கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, பறந்த நேரத்தைச் சின்ன நோட்டில் குறித்துக்கொண்டார்.

மறுநாள் மெக்கானிக் வந்து சரிசெய்தார். வலை இழுக்கும் ஆட்களோடு நாங்களும் விமானத்தை இறுகிய மணலுக்குத் தள்ளினோம்.

"திரும்ப இதுலயா போறீங்க?" என்றார் அப்பா.

"பஸ்ஸுல போனா நேரம் சேராதுங்களே."

விமானம் எழும்பித் தென்னைகளைத் தாண்டிய பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. அம்மா வெகுநேரம் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.