என் தங்கையின் நோட்டில் நான் எழுதிய ‘இல்லை’

நோய் என் கொட்டகையிலிருந்துதான் போனது. அதை என் தங்கையின் கோழிகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான். கொடுத்ததோடு நில்லாமல் பழியையும் அவள் தலையிலேயே கட்டினேன்.

இந்த மூன்று வரியைச் சொல்ல எனக்கு நான்கு வருடம் பிடித்திருக்கிறது... அதையும் அவளிடம் சொல்லவில்லை, முகம் தெரியாத உங்களிடம் சொல்கிறேன். கோழை என்று நீங்கள் நினைத்தால் அது சரிதான்.

எழுமலைக்குப் பக்கத்து ஊர் எங்களுடையது. அக்காள், தங்கை இருவரையும் ஒரே ஊரில் கட்டிக்கொடுத்தார்கள். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் பாதி நாள் ஊரில் இருக்கமாட்டார். நான் நாட்டுக்கோழிப் பண்ணை போட்டேன். பண்ணையை முறையாகப் பதிவு செய்ய எங்கள் ஊரில் முதலில் விண்ணப்பித்ததும் நான்தான். அதில் எனக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல!

பதிவு என்றால் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு முடிகிற காரியமல்ல. இன்றைக்கு எத்தனை கோழி செத்தது, என்ன தீவனம் போட்டது, எந்தத் தேதியில் எந்தத் தடுப்பூசி, கொட்டகைக்கு யார் வந்து போனார்கள்... எல்லாவற்றுக்கும் நோட்டு வைக்க வேண்டும். கால்நடை டாக்டர் வந்து பண்ணையையும் நோட்டையும் பார்த்த பிறகுதான் சான்றிதழ். அந்த நோட்டுகளைக் கோடு போட்டு, தலைப்பு எழுதி, அட்டை போட்டு வைத்திருந்தேன். ஊரில் என்னை ‘ரிஜிஸ்டர் அக்கா’ என்று கேலி செய்வார்கள். எனக்கு அது மாலை போட்டது போல இருக்கும்.

என் தங்கை முத்துச்செல்வி என்னைப் பார்த்துத்தான் பண்ணை போட்டாள். முந்நூறு கோழி. நோட்டு எழுத அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் நானே.

ஆனால் நான் எப்படி எழுதினேன் தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை காப்பி குடித்துக்கொண்டே வரப்போகும் வாரம் முழுவதையும் எழுதிவிடுவேன்! திங்கள் இரண்டு, செவ்வாய் ஒன்று, புதன் இரண்டு, வியாழன் இல்லை... ஒரு நாளுக்கு நீலப் பேனா, அடுத்த நாளுக்குக் கறுப்புப் பேனா. கடைசியில் தீவனத் தூசி படிந்த விரலால் தாளின் ஓரத்தைத் தேய்த்துவிடுவேன், தினமும் கைபட்டது போலத் தெரிய வேண்டுமே! ஊசி நோட்டும் அப்படித்தான். ‘போடப்பட்டது’ என்று எழுதிவிட்டு, போடுவதை அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டிருந்தேன்.

கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன். யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் கொட்டகையில் பதினோரு கோழி செத்துக் கிடந்தன. நோட்டில் ‘ஒன்று’ என்று ஏற்கெனவே எழுதியிருந்தது.

புதன்கிழமை பத்தொன்பது. நோட்டில் ‘இரண்டு’.

மிச்சமிருந்தவற்றில் பல தலையைத் தொங்கப்போட்டு நின்றன. சில கழுத்தை முறுக்கிக்கொண்டு சுற்றின. தரையெல்லாம் வெள்ளையும் பச்சையுமாகக் கழிச்சல். இது இன்னதென்று எனக்குத் தெரியாதா? எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கும் தெரியும், இது வெள்ளைக்கழிச்சல். ஒரு கொட்டகைக்கு வந்தால் ஊரையே துடைத்துவிடும். இம்மாதிரி சாவு கண்டால் அன்றைக்கே டாக்டருக்குச் சொல்ல வேண்டும் என்பது விதி. அந்த விதியைத் தங்கைக்கு ஒப்பித்தவளும் நான்தான்.

ஆனால் வெள்ளிக்கிழமை டாக்டர் என் பண்ணையைப் பார்வையிட வருகிறார்! நோட்டில் எண்களை அடித்துத் திருத்தினால், இவள் முன்கூட்டியே எழுதுகிறவள் என்று ஒரே பார்வையில் தெரிந்துபோகும். ஊசியைப் பற்றிக் கேட்பார். சான்றிதழ் போகும். ‘ரிஜிஸ்டர் அக்கா’வின் வண்டவாளம் தண்டவாளம் ஏறும்...

கொட்டகைக்குப் பின்னால் குழி வெட்டினேன். சுண்ணாம்பு போட்டு மூடினேன். இப்படித்தான் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்.

அன்று சாயங்காலம் செல்வி போன் செய்தாள்.

“அக்கா, நாளைக்கு ஊசி போடுறேன். வெள்ளனா வந்துரு. நீ பிடிச்சுக் குடுத்தாத்தான் எனக்குக் கை நடுங்காது.”

ஊசி போடுகிற நாளில் ஒருத்திக்கு ஒருத்தி கை கொடுப்பது எங்கள் வழக்கம். ஒருவர் பிடிக்க வேண்டும், ஒருவர் குத்த வேண்டும். தனி ஆளாக முந்நூறு கோழிக்குப் போட முடியாது. ஏன் போனாய் என்று கேட்கிறீர்களா? காய்ச்சல் என்று ஒரு பொய் சொல்லியிருக்கக் கூடாதா? கேட்பீர்கள். நானும் இந்த நான்கு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

காய்ச்சல் என்றால் அவள் மாத்திரையும் கஞ்சியுமாக என் வீட்டு வாசலில் வந்து நிற்பாள். நின்றால் கொட்டகையைப் பார்ப்பாள். அதனால் போனேன்... தங்கை என் மேல் வைத்திருந்த பாசத்துக்குப் பயந்து போனேன்!

குளித்துப் புடவை மாற்றினேன். செருப்பை மாற்றத் தோன்றவில்லை. கொட்டகைக்குப் போட்டுப்போகிற அதே ரப்பர் செருப்பு.

அவள் பண்ணை வாசலில், வருகிறவர்கள் மிதித்துவிட்டு உள்ளே வர, சுண்ணாம்புத் தூள் பரப்பிய தட்டு வைத்திருந்தாள். பக்கத்தில் ஒரு ஸ்டூல், அதன்மேல் வந்துபோவோர் நோட்டு. பெயர், ஊர், வந்த நேரம். கடைசிக் கட்டத்தில் ஒரு கேள்வி: ‘உங்கள் கோழிகளுக்கு மூன்று நாளுக்குள் நோயோ சாவோ உண்டா?’ அந்தக் கேள்வியை அவளுக்கு எழுதிக்கொடுத்ததே நான்.

“எனக்கெதுக்குடி இதெல்லாம்?” என்றேன்.

“சும்மா எழுதுக்கா. நீ சொல்லிக் குடுத்த ரூல்ஸுதான? அக்காளா இருந்தாலும் நோட்டுல ஏறணும்னு நீதான சொன்ன!” சிரித்தாள். அவள் சிரித்தால் கண் இரண்டும் மூடிக்கொள்ளும்.

‘இல்லை’ என்று எழுதினேன். நீலப் பேனா. கீழே கையெழுத்தும் போட்டேன்.

பிறகு ஒவ்வொன்றாகப் பிடித்தேன். இறக்கையை விரித்துப் பிடித்துக் கொடுத்தேன், அவள் குத்தினாள். எல்லாம் நல்ல கனம், கண்ணில் தெளிவு, கொண்டையில் சிவப்பு. பாவி, முந்நூறையும் தொட்டேன்! ஒன்றுகூட என் கைக்குத் தப்பவில்லை.

வெள்ளிக்கிழமை டாக்டர் என் பண்ணைக்கு வந்தார். நோய்ப்பட்டவற்றைத் தீவன அறையில் அடைத்துவைத்திருந்தேன். கொட்டகைக்குள் கால் வைக்கப் போனவரை, “சார், வெளியாளு உள்ள போகக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?” என்று மடக்கினேன். அவர் சிரித்துவிட்டு வலைக்கு வெளியே நின்றே பார்த்தார், நோட்டைப் புரட்டினார். “இம்புட்டுச் சுத்தமா நோட்டு எழுதி நான் பாத்ததில்லம்மா” என்றார்.

திங்கட்கிழமை செல்வியின் கொட்டகையில் ஆறு கோழி செத்தன. ஆறு என்று எழுதினாள். எழுதிவிட்டு அடுத்த நிமிடமே டாக்டருக்குப் போன் செய்தாள். செய்ய வேண்டியதைச் செய்தவள் அவள்!

செவ்வாய் நாற்பது. புதன் நூற்றுப் பத்து... எல்லாவற்றையும் எழுதினாள். நான் அந்த ஞாயிற்றுக்கிழமை வாரத்தை முன்கூட்டி எழுதவில்லை; செத்தவற்றைக் குழியில் போட்டுக்கொண்டே, என் நோட்டில் புதன்கிழமையிலிருந்துதான் சாவைக் கூட்டிக் காட்டத் தொடங்கினேன்.

டாக்டர் இரண்டு நோட்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவளுடையதில் சாவு திங்கட்கிழமை. என்னுடையதில் புதன்கிழமை. அதற்கு முந்தின வியாழக்கிழமை நான் அங்கே போனதற்கு என் கையெழுத்தே சாட்சி. “ஒதவிக்குப் போன எடத்துல ஒட்டிக்கிட்டு வந்திருக்கும்மா” என்று என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார். அவர் என்ன செய்வார்? எழுதியிருந்ததைப் படித்தார். உண்மையை எழுதியவள் குற்றவாளி ஆனாள், பொய் எழுதியவள் பாதிக்கப்பட்டவள் ஆனாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

அன்று மாலை செல்வி என் வீட்டுக்கு ஓடி வந்தாள். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, என்னய மன்னிச்சிருக்கா. எனக்கு ஒத்தாசைக்கு வந்த பாவத்துக்கு ஒன் கோழியும் போச்சே...”

மன்னிப்பு! என்னிடம்! அவள் தலையைத் தடவி, “அழாதடி, நம்ம தலையெழுத்து” என்று சொன்னேன். இப்படியும் ஒருத்தி இருப்பாளா என்று உங்களுக்குத் தோன்றும். இருந்தேனே.

அதற்குள் ஊரில் வீட்டுக் கோழிகளும் விழத் தொடங்கிவிட்டன. முட்டை விற்றுப் பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம் வாங்குகிற பெண்கள், கோயிலுக்கு நேர்ந்து சேவல் விட்டிருந்தவர்கள், எல்லாரும் செல்வி வீட்டு வாசலுக்குப் போனார்கள். ஒருத்தி செத்த சேவலைக் கொண்டுவந்து வாசற்படியில் போட்டாள். “ஊசியப் போடுறேன் ஊசியப் போடுறேன்னு ஊருக்கே சீக்கக் கொண்டாந்துட்டாளே!” நானும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றேன். தங்கைக்குத் துணையாக நிற்கிறேன் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

செல்வியோ தன் நோட்டுகளையெல்லாம் விரித்துவைத்துத் தன் தப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். சிம்மக்கல் கடையில் ஊசி மருந்து வாங்கி, சூடுபட்டால் அதன் பலன் போய்விடும் என்று பிளாஸ்கில் ஐஸ் போட்டு, இரண்டு பஸ் மாறிக் கொண்டுவந்திருந்தாள். “ஐஸ் கரைஞ்சிருச்சோ? நான் வெயில்ல நின்னுட்டனோ?” என்று பக்கம் பக்கமாகத் தள்ளிப் பார்த்தாள். என் ‘இல்லை’யின் மேலும் அவள் விரல் போனது. நிற்காமல் தாண்டிப் போய்விட்டது.

அவள் வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறவர். குடும்பத்தை அங்கே கூட்டிப்போக வேண்டும் என்று பல நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தவர். இவள்தான், எனக்கு ஊரில் பிழைக்க முடியும், ஒரு வருடம் கொடுங்கள் என்று கெஞ்சிப் பண்ணை போட்டாள். செய்தி கேட்டு வந்தவர், அவளை வைத்துக்கொண்டே என்னிடம் கேட்டார்.

“மதினி, நீங்க வெவரம் தெரிஞ்சவுக. ஒங்க வார்த்தைய நம்புறேன். இவ மேல தப்பு இல்லன்னா சொல்லுங்க, இன்னொருக்கா போட்டுப் பாக்கட்டும். இவ தப்புன்னா இன்னிக்கே பெட்டியக் கட்டுறோம்.”

செல்வி என் முகத்தையே பார்த்தாள்.

இதைவிட எளிதாக ஒரு வாசலைக் கடவுள் யாருக்காவது திறந்துவைப்பாரா? சான்றிதழ்கூட வேண்டாம் என்று ஒரு கணம் தோன்றியது, சத்தியமாகத் தோன்றியது. வாய் திறந்தேன். வந்தது என்ன தெரியுமா?

“மருந்து சூடாகிருக்கும் தம்பி... பழக்கமில்லாத கை, அவளும் என்ன செய்வா?”

செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினாள். பெட்டி கட்டினார்கள். ஏழாம் வகுப்புப் படித்த மகள் பள்ளிக்கூட டி.சி. வாங்கிக்கொண்டு வந்தாள். பெரியம்மா என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

புறப்படும்போது செல்வி அந்த நோட்டை என் கையில் கொடுத்தாள். “பாதி நோட்டு சும்மா கெடக்குக்கா. எனக்கு இனி எதுக்கு? நீயாச்சும் எழுது, வீணாப் போக வேணாம்.”

சான்றிதழ் இப்போது என் வீட்டுச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிறது. கொட்டகையைக் கழுவிச் சுண்ணாம்படித்து, புதுக் குஞ்சு விட்டுவிட்டேன். இப்போதெல்லாம் அன்றன்றைக்கே எழுதுகிறேன், ஒரே பேனாவால், அவள் நோட்டில். இதனால் பாவம் தீரும் என்று நான் நினைக்கவில்லை. முன் பாதி அவள் எழுத்து: ஆறு, நாற்பது, நூற்றுப் பத்து. அதோடு சேர்த்து அவள் கொடுத்த வந்துபோவோர் நோட்டும் என்னிடம்தான். எத்தனையோ முறை அந்தத் தாளைக் கிழிக்கக் கை போயிருக்கிறது. கிழிக்கவில்லை. அவளிடம் காட்டவும் இல்லை.

செல்வியும் இப்போது பனியன் கம்பெனி வேலைக்குத்தான் போகிறாள்; விட்டு வந்ததும் சாயங்காலம் ஆறரைக்குப் போன் செய்வாள். நாள் தவறாது. ஊர்ச் செய்தி கேட்பாள், மழை பெய்ததா என்பாள். கடைசியில் ஒன்று கேட்பாள். நேற்றும் கேட்டாள்.

“இன்னிக்கு எம்புட்டுக்கா செத்துச்சு?”

“ரெண்டு.”

“எழுதிட்டியா?”

“எழுதிட்டேன்.”

“மறைக்காம எழுதுக்கா. என்னால நீ பட்டது போதும்.”

சரிடி என்று சொல்லிப் போனை வைத்தேன்.