பூட்டிய கிணறும் அவிக்காத கூறையும்

ஒரு விடயம் தீர்மானிக்கப்படும்வரை, ஏற்கெனவே இருந்துவரும் நடைமுறை தொடர வேண்டும். அரச கந்தோர்களில் வேலை செய்து ஓய்வுபெற்ற எனக்கு இந்த விதியை யாரும் விளக்கத் தேவையில்லை. நானே பலருக்கு விளக்கியிருக்கிறேன், சிலருக்கு அவர்கள் கேளாமலே. என் மனைவி தண்ணீர் அள்ளிய கிணற்றின் விடயத்தில் இந்த விதிதான் பொருந்தியிருக்க வேண்டும்.

கிணறு தாராபுரத்துக்குப் போகும் வழியில், மூடிக் கிடக்கும் அரச களஞ்சியம் ஒன்றின் வளவுக்குள் இருக்கிறது. மனைவியும் தாராபுரத்துச் சிநேகிதி ஒருத்தியும் சில வருடங்களாக எங்கள் பின்விறாந்தையில் அச்சுக்கட்டைகளால் துணியில் பூ அடிக்கிறார்கள். கடுக்காய் நீரில் தோய்த்துக் காயவைத்து மஞ்சளேறிய துணியில், துருப்பிடித்த இரும்பும் பனங்கட்டியும் ஊறிய நீரால் கறுப்புக் கோடு விழும். சிவப்பு வரவேண்டிய இடத்தில் படிகாரக் கரைசலை அடிப்பார்கள். அடித்த இடம் கண்ணுக்குத் தெரியாது. சாயவேரோடு சேர்த்து அவித்தால்தான் அங்கே சிவப்பு எழும்.

வேர் ஓலைத்தொடுவாய்ப் பக்க மணலில் கிடைக்கிறது. தண்ணீர்தான் சிக்கல். குழாய்த் தண்ணீரில் அவித்தால் பழைய செங்கல்லின் நிறம் வரும். களஞ்சியத்துக் கிணற்றில் சிப்பிச் சுண்ணாம்பு ஊறிய நீர். அதில்தான் மனைவி சிவப்பு என்று ஒத்துக்கொள்ளும் சிவப்பு வரும்.

மகளுக்குக் கலியாணம் நிச்சயமானபோது, மாதா கோயிலில் வெள்ளை உடுத்தாலும் மண்டபத்தில் உடுக்கும் கூறை அம்மா அடித்ததாகத்தான் இருக்க வேண்டும் என்று அவள் சொல்லிவிட்டாள். பருத்தியில் கூறையா என்று என் தமக்கை முகத்தைச் சுளித்தார். மனைவி மணிக்கட்டில் துணி சுற்றிக்கொண்டு ஆறு யார் நீளச் சீலையையும் அடித்து முடித்தாள். மிச்சம் அவிக்கிற வேலைதான்.

அப்போதுதான் நான் கேட்டேன்.

"தண்ணி எங்கயிருந்து எடுக்கிறனீங்கள்?"

"களஞ்சியத்துக் கிணத்தில. காவல்காரர்தான் அள்ளித் தாறவர்."

"ஆற்ற அனுமதியில?"

"கிணறு ஒண்டும் சொல்லேல்லையே."

சிநேகிதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மகளின் கூறை அனுமதியில்லாத தண்ணீரில் சிவக்கக்கூடாது என்று தோன்றியது. அன்று பின்னேரமே களஞ்சியத்துக்குப் பொறுப்பான கந்தோருக்குக் கடிதம் எழுதினேன்: பொருள், உசாத்துணை, கோரிக்கை, பத்துக் கலன் தண்ணீர். பிரதியைக் கடிதக் கோவையில் வைத்தேன். அழகான கடிதம். இப்போது வாசித்தாலும் ஒரு சொல்லை மாற்றமாட்டேன்.

நாலாம் நாள் இரண்டு பெண்களும் வெறும் கலன்களோடு ஓட்டோவில் திரும்பி வந்தார்கள். கிணற்று மூடிக்குப் பூட்டுப் போட்டாயிற்று.

நான் சைக்கிளில் ஓடினேன். காவல்காரர் கதிரையிலிருந்து எழுந்து நின்றார்.

"நான் என்ன செய்ய, சேர்? கந்தோரில இருந்து உங்கட கடிதத்தோட ஆள் வந்தவர். முடிவு வருமட்டும் ஒருத்தரும் அள்ளக்கூடாதாம்."

"முடிவு வருமட்டும் முந்தியிருந்தபடிதான் இருக்க வேணும்!"

"அதைத்தான் நானும் சொன்னனான். முந்தி எப்பிடி இருந்ததெண்டு கேட்டார். என்னெண்டு சொல்லுறது? என்ர வேலை போயிடும்."

பிறகு குரலைத் தணித்தார். "பூட்டுத் திறப்பு என்னட்டத்தான் இருக்கு, சேர். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம் நான் இஞ்ச நிக்கமாட்டன். திறப்பு ஆணியில தொங்கும்."

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னேன். சொன்னதோடு நின்றிருக்கலாம். அந்தப் பூட்டு முறையற்றது என்று நினைவூட்டல் கடிதம் அனுப்பியதையும் சொன்னேன்.

மனைவி அச்சுக்கட்டையைக் கழுவிக்கொண்டிருந்தாள். "எப்ப அனுப்பினனீங்கள்?"

"வாற வழியில."

"கொஞ்ச நாளைக்குப் பேனையைத் தொடாமல் இருக்க ஏலாதே உங்களுக்கு?"

வியாழக்கிழமை காலை கந்தோர்க்காரர் வந்து திறப்பையும் எடுத்துப் போனார்.

அதன் பிறகு என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. வாசல் படலைக்கும் விறாந்தைக்கும் நடந்தேன். தபால்காரர் கடந்து போனதும் கந்தோருக்குப் போனேன். எல்லோரும் எழுந்து மரியாதை செய்தார்கள், தேத்தண்ணி தந்தார்கள். கோவை மேலிடத்துக்குப் போய்விட்டது, பொறுப்பான எழுதுவினைஞர் லீவில் நிற்கிறார், சேருக்குத் தெரியாததா என்றார்கள். தெரிந்ததுதான் தொல்லை. இதே சொற்களை இதே தொனியில் நான் எத்தனையோ பேருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

மனைவி சும்மா இருக்கவில்லை. சிப்பியைச் சுட்டு, குழாய்த் தண்ணீரில் கரைத்துத் தெளியவைத்து, ஒரு முழத் துண்டை அவித்துப் பார்த்தாள். சுண்ணாம்பு கூடிப்போனது, ஊதா அடித்தது. குறைத்துப் பார்த்தாள், செங்கல். சிநேகிதி துண்டை வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"இதில போடாதீங்க அக்கா. ஒருக்கா அவிச்சா அவிச்சதுதான்."

கலியாணத்துக்கு மூன்று நாள் இருக்க, மகள் கறுப்புக் கோடுகள் மட்டும் ஓடிய மஞ்சள் சீலையைத் தோளில் போட்டுப் பார்த்து, இப்படியே உடுக்கிறேன் என்றாள். கறுப்பை உடுத்து மணவறையில் இருக்க விடமாட்டேன் என்று மனைவி அதைத் தோளிலிருந்து எடுத்து மடித்தாள். அடுத்த நாள் தாயும் மகளும் யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறிப் போய்க் கடைக்கூறை ஒன்று வாங்கி வந்தார்கள். நல்ல பட்டு. தமக்கைக்கு மிகவும் பிடித்தது. மண்டபத்தில் மனைவி அதன் சுருக்கைக் குனிந்து சரிசெய்தபோது, நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு வந்தவர்களைச் சாப்பிட அனுப்பினேன்.

பதிலைக் கந்தோர் ஊழியர் கையோடு கொண்டுவந்து தந்தார். மனைவி வாங்கி, நின்றபடியே உரத்து வாசித்தாள். மேற்படி கிணற்றில் பொதுமக்கள் நீர் அள்ளுவதற்கு எக்காலத்திலும் அனுமதி தேவைப்பட்டதில்லையாம். ஆகவே அனுமதி வழங்கும் கேள்வி எழவில்லையாம். என்னிடம் தந்துவிட்டு உள்ளே போனாள். கடிதத்தில் இட்டிருந்த திகதி கலியாணத்துக்கு எட்டு நாள் முந்தியது. கிடைத்த திகதியை, பழக்கத்தில், மேல் மூலையில் குறித்தேன்: கலியாணம் முடிந்து பதினோராம் நாள், செவ்வாய்க்கிழமை.