கோணல் விரல் உருண்டை

என் மகள் கொச்சியில் வக்கீல். கொலை, களவு என்று ஒரு கேஸும் அவளிடம் வராது. கம்பெனிக்கும் கம்பெனிக்கும் நடக்கிற சண்டைதான் அவள் பிழைப்பு. கூட்டாக வியாபாரம் செய்து பிரிந்தவர்கள், அடுத்தவன் பெயரைத் தன் பாக்கெட்டில் அச்சடித்துக்கொண்டவர்கள், கையெழுத்துப் போட்டுவிட்டு அது என்னுடையது இல்லை என்கிறவர்கள், இவர்களையெல்லாம் கூண்டில் நிறுத்தி அவள் கேள்வி கேட்பாள். எதிராளி அவளைத் தன் வக்கீலாக அமர்த்திவிடக் கூடாதே என்று முந்திக்கொண்டு ஓடி வருகிறவர்கள் உண்டாம். இதை அவள் சொல்லவில்லை. அவளுடைய கார் டிரைவர் சொன்னார்.

கேரளத்து மலையில் தமிழ் பேசுகிற எங்கள் காந்தலூரில் இதெல்லாம் எடுபடாது. பக்கத்து வீட்டு மதினி என்னிடம் ஒரு நாள் கேட்டாள்.

"ஏத்தா, ஒம் மக ஒருத்தனையாச்சும் ஜெயில்லருந்து வெளிய எடுத்திருக்காளா?"

"இல்ல மதினி."

"உள்ளயாச்சும் போட்டிருக்காளா?"

"அதுவும் இல்ல."

"அப்பறம் என்னத்தா வக்கீலு. கருப்புக் கோட்டப் போட்டு வெயில்ல வேகுறதுதான் மிச்சம்."

மதினி என்றால் அண்ணன் பெண்டாட்டி இல்லை. அவர்கள் வேதக்கோயில் போகிற கிறிஸ்தவர்கள், நாங்கள் முருகன் கோயில். கரும்பாலைக் கொட்டகையில் இருபத்தைந்து வருஷம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வெல்லம் உருட்டியதில் மதினியாகிவிட்டாள்.

மகள் இங்கே தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். கொச்சிக்குப் போன பிறகுதான் மலையாளம் வாயில் ஒழுங்காக நின்றது. முதல் எட்டு வருஷம் சீனியருடைய காகிதக் கட்டைச் சுமப்பதே வேலை. ஒரு முறை போன் செய்து அழுதாள். அவள் மலையாளம் பேசுகிற ராகத்தைக் கேட்டு ஜட்ஜ் சிரித்துவிட்டாராம்.

"நல்லதுதானடி," என்றேன். "சிரிக்கிற ஆளு தூங்க மாட்டாருல்ல."

அழுகையை நிறுத்திவிட்டு என்னைத் திட்டினாள். திட்டுகிற தெம்பு வந்துவிட்டால் அவளுக்கு எல்லாம் சரியாகிவிட்டது என்று அர்த்தம்.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. தன் பக்கத்தில் இருக்கிற கெட்ட விஷயத்தை எதிராளி சொல்வதற்கு முன்னால் அவளே சொல்லிவிடுவாள். சின்ன வயசில் ஒரு நாள் தண்ணீர்க் குடத்தை உடைத்துவிட்டு, நான் வீட்டுக்கு வரும்வரை காத்திருக்காமல், மூன்று கரும்புத் தோட்டம் தாண்டி ஆலைக்கு ஓடிவந்து சொன்னாள். அத்தனை பேர் முன்னால் அடிக்க முடியாது. வீட்டுக்குப் போவதற்குள் என் கோபமும் ஆறிப்போச்சு. இன்றைக்கும் கோர்ட்டில் அதையேதான் செய்கிறாள், சம்பளம் மட்டும் கூடுதல்.

நான் அப்படி இல்லை. எதையும் கேட்டால்தான் சொல்வேன். சில சமயம் கேட்டாலும் சொல்ல மாட்டேன்.

போன வருஷம் மழையில் படிக்கட்டில் வழுக்கி விழுந்தேன். வலது கையில் மோதிர விரல் முறிந்தது. மகள் என்னைக் கொச்சிக்குக் கொண்டுபோய்க் கட்டுப் போட்டாள். விரல் கூடியது, ஆனால் உள்பக்கம் மடங்கியே நின்றுவிட்டது. ரத்தக் கொதிப்பும் இருப்பதால் நெருப்புப் பக்கம் உட்காரக் கூடாது, இனி ஆலைக்குப் போகவே கூடாது என்று டாக்டர் சொன்னார். மகள் என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"போக மாட்டேன்னு சொல்லும்மா."

"சரி," என்றேன்.

ஊருக்கு வந்து மூன்றாம் வாரமே ஆலைக்குப் போய்விட்டேன். வீட்டில் என்ன செய்ய? சுவரைப் பார்த்து எத்தனை நேரம் பேசுவது? ஆலைக் கொப்பரையில் பாகு கொதிக்கும், சக்கைப் புகை வரும், மதினி ஊர் வம்பையெல்லாம் அளப்பாள். காலையில் மகள் போன் செய்யும்போது கரும்பு பிழிகிற மெஷின் இரைச்சல் கேட்டால், பக்கத்து வீட்டில் தண்ணி மோட்டார் ஓடுகிறது என்று சொல்லிவிடுவேன். அந்த மோட்டார் ஒரு சீசன் முழுக்க ஓடியது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் மலையின் கேஸ் ஒன்று அவளிடம் வந்தது. எங்கள் பக்கத்து வெல்லம் அச்சில் ஊற்றுகிறது இல்லை. சூடு ஆறுவதற்குள் கையில் அள்ளி உருட்டி, விரலால் ஒரு அழுத்து அழுத்தி வைப்போம். உருண்டையின் ஒரு பக்கத்தில் நாலு விரல் பள்ளம் விழும். அதைப் பார்த்துத்தான் ஜனங்கள் வாங்குகிறார்கள். சமவெளியில் ஒரு கம்பெனிக்காரன் மெஷினில் அழுத்திய வெல்லத்தைப் பாக்கெட் போட்டு, மேலே மலை படத்தையும் கை படத்தையும் அச்சடித்து, இது மலையில் கையால் உருட்டியது என்று விற்றான். இங்குள்ள கரும்பு விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்து அவன் மேல் கேஸ் போட்டார்கள். அந்தப் பாக்கெட் நின்றால்தான் எங்கள் உருண்டை கடையில் நிற்கும். போன சீசனிலேயே இரண்டு ஆலை மூடியாச்சு.

கம்பெனிக்காரன் சளைக்கவில்லை. எனக்கும் மலையில் சொந்த ஆலை இருக்கிறது, என் ஆட்கள்தான் உருட்டுகிறார்கள், இதோ பாருங்கள் என்று ஒரு பெட்டி உருண்டையைக் கோர்ட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டான். எல்லாவற்றிலும் விரல் பள்ளம். மகளுக்கு அங்கேதான் சிக்கல். அது பொய் என்று தெரியும், பொய் என்று காட்டத்தான் வழியில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேசை முழுக்கக் காகிதத்தைப் பரப்பி உட்கார்ந்துவிட்டாள். நான் கருவாட்டுக் குழம்பை வைக்க இடமில்லாமல் காகிதத்தை ஒதுக்கினேன். அதில் பெரிதாக ஒரு போட்டோ இருந்தது. கம்பெனிக்காரன் கோர்ட்டில் வைத்த உருண்டைகள், வரிசையாக.

மூன்றாவது வரிசையில் ஒன்றைப் பார்த்ததும் என் கை நின்றுவிட்டது. மற்ற உருண்டையில் நாலு பள்ளமும் ஒரே வரிசையில் இருந்தன. அதில் மூன்று பள்ளம் வரிசையாக, ஒன்று மட்டும் விலகி, ஆழமாக, ஆணியால் குத்தியது மாதிரி. என் மோதிர விரல். இந்த மலையில் அப்படி வேறு யாருக்கும் விழாது. அவன் எங்கள் ஆலை வெல்லத்தையே ஆள் வைத்து வாங்கிப்போய், தன்னுடையது என்று கோர்ட்டில் வைத்திருக்கிறான்.

சொன்னால் கேஸ் ஜெயிக்கும். ஆனால் அந்த விரல் கோணலானதே போன வருஷம்தான். அப்படியென்றால் அந்த உருண்டையை நான் இந்த சீசனில் உருட்டியிருக்க வேண்டும். இத்தனை நாள் ஓடிய தண்ணி மோட்டார் அத்தோடு நின்றுவிடும்.

குழம்பை ஊற்றினேன். அப்பளம் வைத்தேன். கேட்காமலே இன்னும் ஒரு கரண்டி சோறு போட்டேன். அவள் சாப்பிடவில்லை, போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

"அந்த மூணாவது வரிசைல ஒண்ணு இருக்குல்ல," என்றேன். "அது நான் உருட்டுனது."

அவள் போட்டோவைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள். மறுபடி போட்டோவைப் பார்த்தாள். வக்கீல் முகம் முதலில் வந்தது, மகள் முகம் பின்னால் வந்தது.

"இந்த சீசன்லயா?"

"ஆமா."

"எத்தன நாளு போன?"

"எண்ணல."

"அந்த மோட்டாரு?"

"அது... மோட்டாருதான். கரும்பு புழியிற மோட்டாரு."

எழுந்து வாசல்வரை போய் நின்றாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திரும்பி வந்து உட்கார்ந்து குழம்பைப் பிசைந்தாள்.

"ஒன்னைய அப்பறம் கவனிச்சுக்கிறேன்," என்றாள். "மொதல்ல அவன."

என்னைச் சாட்சியாகப் போட அவள் சம்மதிக்கவில்லை. பெற்ற தாய் சொன்னால் யார் நம்புவார்கள்? மகளே சொல்லிக்கொடுத்தாள் என்பார்கள். என் உருண்டையை அடையாளம் தெரிந்த வேறு ஆள் வேண்டும், அதுவும் என்மேல் பெரிய பாசம் இல்லாத ஆளாக வேண்டும் என்றாள். அப்படி ஒருத்தியைத் தேடி நான் தூரம் போக வேண்டியதில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தாள்.

மதினி கேட்டதும் ஒப்புக்கொண்டாள். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தாள்.

"உள்ளது உள்ளபடிதான் சொல்லுவேன். ஒம் உருண்டை பாக்கச் சகிக்காதுன்னும் சொல்லுவேன்."

"சொல்லு மதினி. சத்தமாவே சொல்லு."

புதிய சாட்சியைச் சேர்க்க மகள் மனுப் போட்டாள். அந்த மனுவின் முதல் பக்கத்திலேயே, இந்த உருண்டையை உருட்டியது வாதிகளின் வக்கீலாகிய என்னைப் பெற்ற தாய் என்று எழுதிவிட்டாள். சங்கத்துக்காரர்கள் பதறிப்போனார்கள். அவள் அசையவில்லை.

"நான் அந்தப் பக்கத்து வக்கீலா இருந்தா மொதல்ல இதத்தான் தோண்டுவேன். அவருக்கு எதுக்கு அந்தச் சிரமம்?"

வேண்டுமென்றால் தன்னை மாற்றிவிட்டு வேறு வக்கீலை வைத்துக்கொள்ளலாம் என்றும் சங்கத்தாரிடம் சொன்னாள். ஒரு நாள் முழுக்க யோசித்து, அவளே இருக்கட்டும் என்றார்கள். அந்த ஒரு நாள் அவள் எனக்கு மூன்று முறை போன் செய்தாள். சாப்பிட்டியா, சாப்பிட்டியா என்று மூன்று முறையும் கேட்டாள்.

சாட்சி சொல்லும் நாளில் நானும் போனேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். ஜட்ஜ் மலையாளத்தில் கேட்டார், மதினி தமிழில் சொன்னாள். இரண்டு பேருக்கும் ஒன்றும் விடுபடவில்லை. பெட்டி உருண்டைகளோடு வேறு ஆலையிலிருந்து வாங்கிய உருண்டைகளையும் கலந்து ஒரு தட்டில் வைத்தார்கள். மதினி கண்ணாடியைச் சேலையில் துடைத்து மாட்டிக்கொண்டு, பாகற்காய் பொறுக்குவது போல ஒவ்வொன்றாகத் தள்ளி, ஒன்றை எடுத்தாள்.

"இது அவ உருட்டுனது."

திரும்பவும் கலைத்து வைத்தார்கள். திரும்பவும் அதையே எடுத்தாள். மூன்றாம் தடவை ஜட்ஜே தன் கையால் கலைத்தார். மதினிக்குச் சலிப்பு வந்துவிட்டது.

"எத்தன தடவ கலச்சாலும் அதுதான்யா வரும். இந்த அசிங்கமான குழிய இருபத்தஞ்சு வருஷத்துல வேற எங்கயும் நான் பாத்ததில்ல. போன வருஷம் வெரலு கோணுனதுக்கு அப்பறம்தான் இப்பிடி. அதுக்கு முன்னாடியும் ஒண்ணும் அழகு கெடயாது."

மற்ற உருண்டைகளில் அவள் தன்னுடையதும் நாலு இருக்கிறது என்று சொல்லி அதையும் பொறுக்கி எடுத்தாள். அவை நன்றாக வந்திருப்பதைப் பார்க்கச் சொல்லி ஜட்ஜிடம் நீட்டினாள்.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். "நீங்களும் அந்தம்மாவும் சிநேகிதிகள்தானே?"

"யாரு, அவளா?" என்றாள் மதினி. "எங்கோழி அவ கொல்லையில போடுற முட்டைய இன்னிக்கு வரைக்கும் திருப்பிக் குடுத்ததில்ல. கேளுங்க, அந்தா கடேசி பெஞ்சில ஒக்காந்திருக்கா."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் கையைச் சேலைக்குள் ஒளிக்கப் போனேன். மகள் என்னைப் பார்த்தாள், தலையை லேசாக அசைத்தாள். கையை வெளியில் எடுத்து மடிமேல் வைத்துக்கொண்டேன். முட்டை விஷயம் உண்மைதான்.

அடுத்த வாய்தாவில் மகள் கம்பெனி மேனேஜரைக் கூண்டில் ஏற்றினாள். சத்தம் போடவே இல்லை. உங்கள் ஆலையில் உருட்டுகிறவர்கள் பெயர் சொல்லுங்கள் என்றாள். ஆலை எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது என்றாள். உருட்டுவதற்கு முன்னால் கையில் எதைத் தொட்டுக்கொள்வார்கள் என்றாள். எண்ணெய் என்றார் மேனேஜர். நான் பெஞ்சில் இருந்தபடி வாயைப் பொத்திக்கொண்டேன். எண்ணெய் தொட்டால் உருண்டை வழுக்கிப்போகும், கையில் நிற்குமா?

சாயங்காலத்துக்குள் கம்பெனிக்காரர்களே சமாதானத்துக்கு வந்தார்கள். மலை படமும் கை படமும் எடுத்துவிடுவதாக எழுதிக் கொடுத்தார்கள். மூடிய இரண்டு ஆலையில் ஒன்று இந்த சீசனில் மறுபடி புகைகிறது.

அதற்குப் பிறகு மகள் என்னைக் கவனித்தாள், சொன்னபடியே. எதிரும் புதிருமாக உட்கார்ந்து பேசி ஒரு ஒப்பந்தம் போட்டோம். காலையில் இரண்டு மணி நேரம் ஆலைக்குப் போகலாம். நெருப்பை விட்டு எட்ட உட்கார வேண்டும். வாரம் ஒரு முறை ரத்தக் கொதிப்பு பார்க்க வேண்டும். இனி போன் எடுத்ததும் கெட்ட செய்தியை முதலில் சொல்ல வேண்டும். அதன்படி தினமும் சொல்கிறேன். மாத்திரை மறந்தேன், கருவாடு தின்றேன், படிக்கட்டில் செருப்பில்லாமல் இறங்கினேன். அவள் கேட்டுக்கொண்டு, அடுத்து, அடுத்து என்கிறாள்.

ஒப்பந்தத்தில் இல்லாத ஒன்றையும் வாங்கி அனுப்பினாள். சூடு தாங்குகிற கையுறை ஒரு ஜோடி. மாட்டிக்கொண்டு ஒரு நாள் உருட்டினேன். உருண்டை பந்து மாதிரி வழவழவென்று வந்தது, ஒரு பள்ளமும் இல்லை. மதினி அதைக் கையில் வைத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினாள்.

"இது யாரு உருட்டுனதுன்னு நாளைக்கு கோர்ட்டுல கேட்டா நான் என்னத்தச் சொல்ல? கழட்டுத்தா."

கழற்றிவிட்டேன். மறுநாள் போன் வந்ததும் அதைத்தான் முதலில் சொன்னேன்.