காகச் சோறும் கருந்தலை நாணல் குருவியும்

போன வருடம் சித்திரைப் பௌர்ணமிக்கு, அம்மாவை நினைத்துக் காகத்துக்குச் சோறு வைக்கப் போன இடத்தில்தான் இந்தக் குருவியை முதலில் கண்டேன். லண்டனில், லீ ஆற்றங்கரைச் சதுப்பில். மனோர் பார்க்கில் எங்கள் பின்வளவில் சோறு வைத்தால் எலி வருகிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் கவுன்சிலுக்கு எழுதிவிட்டார். அதனால் அவ்வளவு தூரம். வீட்டுக்கு வந்து இந்தத் தளத்தில் அந்த இடத்தைப் பற்றி அவசரமாக நான்கு வரி எழுதி ஒரு படமும் போட்டதோடு அதை மறந்தும் விட்டேன். இந்த வருடம் அதே பௌர்ணமியன்று, வீட்டு விரதத்தை மனைவியிடம் விட்டுவிட்டு, குருவிக்காகவே லீவு போட்டுப் போனேன். வயிறெரிந்து திரும்பினேன்.

முதலில் வழி. காலை 9.12க்கு மனோர் பார்க்கில் எலிசபெத் லைன் ஏறினால் பத்து நிமிடத்துக்குள் ஸ்ட்ராட்ஃபோர்ட். அங்கே லீ பிரிட்ஜ் ரயிலுக்குப் பதினெட்டு நிமிடம் காத்துக் கிடந்தேன். ஓடுவதென்னவோ ஆறு நிமிடம்தான். பிறகு ஒன்றரைக் கிலோமீட்டர் நடை, எனக்கு இருபத்திரண்டு நிமிடம். வழியெல்லாம் சேறு, நல்ல சப்பாத்துப் போடுங்கள். நான் போட்டது வெள்ளை.

பத்தரைக்கு ஆண் குருவி கிடைத்தது. நாணல் நுனியில் உட்கார்ந்து மூன்று சத்தத்தையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது. தலையும் தொண்டையும் கரிக்கறுப்பு, கழுத்தில் வெள்ளைப் பட்டி. இந்தக் கறுப்பு வசந்தத்தில் புதிதாக முளைப்பதில்லை. குளிர்காலம் முழுக்க இறகின் பழுப்பு நுனி தேய்ந்து தேய்ந்து, உள்ளே இருந்த கறுப்பு வெளியே வருகிறது. பெண் குருவிக்குக் கறுப்புத் தலை இல்லை, புல்லோடு புல்லாய்ப் பழுப்பு. அதுதான் கூடு கட்டும், மரத்திலல்ல, நிலத்தோடு ஒட்டிய புற்கற்றைக்குள். நான்கைந்து முட்டை. நாய் மிதிக்கலாம், மனிதன் மிதிக்கலாம். பாதையை விட்டு இறங்காதீர்கள் என்று பலகை வைத்திருப்பது அதற்காகத்தான்.

அந்தப் பலகைக்குக் கீழேயே மூன்று அலுமினியத் தட்டுகள். சோறு, பருப்பு, வாழைக்காய்க் கறி, வடை. எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. படித்த சனம், லண்டனில் முப்பது வருடம் இருந்த சனம், ஒரு பலகையை வாசிக்க ஏலாதா? காகங்கள் வேலி நெடுக வரிசையாக இருந்தன. சோறு எத்தனை நேரம் தாங்கும்? முடிந்ததும் அவை புல்லுக்குள் என்ன தேடும் என்று ஒருவராவது யோசித்தார்களா?

பதினொன்று நாற்பதுக்கு நாலாவது தட்டு வந்தது. செவன் கிங்ஸிலிருந்து வந்த ஒரு பெண்மணி, ஐம்பது வயதிருக்கும். பாதையை விட்டு இறங்கிப் புல்லுக்குள் தட்டை வைத்து, "கா, கா" என்று கூப்பிட்டார். நிறுத்தச் சொல்ல நானும் இறங்கினேன்.

"அண்ணை, கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ. உங்களைக் கண்டுதான் காகம் வருகுதில்லை."

நான் வாய் திறப்பதற்குள் ஒரு காகம் இறங்கிச் சோற்றைக் கொத்தியது. அவர் கண் நிறைந்துவிட்டது. "அம்மா ஏற்றுக்கொண்டா," என்றார். அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சண்டை பிடிப்பது?

அப்போதுதான் எங்கள் காலடியிலிருந்து பெண் குருவி வெளியே வந்தது, ஒரு பக்கச் செட்டையை விரித்து நிலத்தில் இழுத்தபடி.

"ஐயோ, செட்டை முறிஞ்சு போச்சு! பிடிப்பமோ?"

"முறியேல்லை அக்கா. நடிக்குது. நாங்கள் கூட்டுக்குக் கிட்ட நிக்கிறம், எங்களை அங்கால இழுக்கப் பார்க்குது. வாங்கோ, பாதைக்குப் போவம்."

பாதைக்கு ஏறித் திரும்பினோம். சோறு தின்ற அதே காகம் நாங்கள் நின்ற இடத்தில் தலையை விட்டு, கிறுக்கல் போட்ட சின்ன முட்டை ஒன்றைக் கவ்விக்கொண்டு எழும்பியது. பிறகு இன்னொரு காகம். ஆண் குருவி கத்திக் கத்தித் துரத்தியது, பலனில்லை. அந்த அக்கா வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"உங்களுக்கு இந்த இடத்தை ஆர் சொன்னது?" என் குரலில் கோபம் இருந்தது, ஒளிக்கவில்லை.

"இன்டர்நெற்றில ஆரோ நல்லா எழுதியிருந்தவை அண்ணை. எலிப் பிரச்சினையும் இல்லை, கேள்வி கேக்க ஆளும் இல்லையெண்டு." போனை நீட்டினார். என் நான்கு வரி. நான் எடுத்த படம்.

"எழுதினது நான்தான் அக்கா," என்றேன்.  அவர் பாதையை விட்டு இறங்காமலே, குடைப்பிடியால் தட்டைக் கொழுவி இழுத்துக் குப்பைப் பையில் போட்டார். படைத்ததைத் திருப்பி எடுக்கக்கூடாது என்று வளர்ந்தவர். நான் மற்ற மூன்றையும் எடுத்தேன்.

ஆகவே, போகிறவர்களுக்கு: மார்ச் முதல் ஆகஸ்ட் வரை பாதையை விட்டு இறங்காதீர்கள். பைனாகுலர் கொண்டுபோங்கள். சோறு கொண்டுபோகாதீர்கள். வீட்டில் ஒரு பிடி வையுங்கள், காகம் தின்னும் வரை நில்லுங்கள், மிச்சத்தை உள்ளே எடுங்கள். எலியும் வராது. இதைப் போன வருடமே நான் செய்திருக்கலாம்.

பழைய பதிவை அன்று பின்னேரமே அழித்தேன். அதன் கீழே இருபத்தேழு பேர் நன்றி சொல்லியிருந்தார்கள். அத்தனை பேருக்கும் நடந்ததைத் தனித்தனியே எழுதினேன். மூன்று பேர் பதில் போட்டார்கள். அதில் ஒருவர், ஆடி அமாவாசைக்கு அங்கே கார் விட இடம் இருக்குமா என்று கேட்டிருக்கிறார்.