பன்னிரண்டு கிரகமும் ஒரு பச்சைப் பொத்தானும்

வெந்நீரில் ஊறிய டிரைவரின் வலது கையைத் துண்டில் ஒற்றி, சுண்டுவிரலிலிருந்து நகம் வெட்டத் தொடங்கினாள் நர்ஸ் அக்கா. அவனுக்கு அந்த ஒரு கைதான் உருப்படி. பேருந்து கவிழ்ந்த நாளிலிருந்து இடது கையும் கால்களும் போட்டது போட்டபடி கிடந்தன. அன்று மூன்று பயணிகள் செத்தார்கள். அதைப் பற்றி அவன் வாய் திறந்ததில்லை. பகலெல்லாம் கம்ப்யூட்டரில் விண்வெளி ராஜ்ஜியம் ஆள்வான்.

நாலு மாதமாக ஒரே ஆட்டம். பன்னிரண்டு கிரகம், ஒரு சண்டை கிடையாது. அக்கம்பக்கத்து ராஜ்ஜியங்கள் தானியம், வழி, அடைக்கலம் என்று எது கேட்டாலும் கொடுத்துவிடுவான். "இதுல ஒருத்தரும் சாகக் கூடாதுக்கா" என்பான். ஒருமுறை செய்ததை மாற்ற முடியாத ஆட்டமாகப் பார்த்து அவனேதான் தேர்ந்தெடுத்திருந்தான்.

கம்ப்யூட்டர் டிங்கென்றது.

"யாரோ ஏதோ கேக்குறான் பாருக்கா." அவன் கண்ணைத் திறக்கவில்லை, வெந்நீர்ச் சுகம்.

"வேற என்ன, பிச்சைதான். உன்ன மாதிரி இளிச்சவாய் ராஜா வேற எவன் இருக்கான்?"

"ஆமான்னு போடு."

பொடி எழுத்து ஆங்கிலம். அதை யார் படிப்பது? வழக்கம்போலப் பச்சைப் பொத்தானை அமுக்கினாள். திரை முழுக்கச் சிவந்தது. அவன் கண்ணைத் திறந்து படித்தான்.

ஆட்டத்தில் அவனுக்குப் பெரிய கூட்டாளியான ராஜா, பக்கத்து ராஜ்ஜியத்து வௌவால் மூஞ்சிக்காரர்கள்மேல் படையெடுக்கிறானாம். கூட வருகிறாயா என்று கேட்டிருக்கிறான். டிரைவரின் காவல் கப்பல்கள் கிளம்பிவிட்டன. சற்று நேரத்தில் ஓரத்தில் ஓர் எண் வந்தது. செத்தவர்கள் ஒரு கோடியே எழுபது லட்சம்.

அவன் முகத்தில் ரத்தமே இல்லை. நாடி பிடித்தாள், ஓடுகிற ஓட்டத்தில் எண்ண முடியவில்லை. ஆட்டம்தானே என்று சொல்ல வந்தவள் விழுங்கிக்கொண்டாள். சாவுச் செய்தி கேட்டு வார்டு வாசலில் நிற்பவர்களின் முகம் அது. முப்பது வருஷமாகப் பார்த்தவளுக்குத் தெரியாதா?

சாயங்காலம்வரை ஒரு வாய் உள்ளே போகவில்லை.

"கோவம்னா என்னைத் திட்டுடா. தண்ணி என்ன பாவம் பண்ணுச்சு?"

"நீ என்னக்கா பண்ணுவ? பாக்காம சொன்னது நான்தான்." கூரையைப் பார்த்தபடி கிடந்தான். "அன்னிக்கும் ரோட்டப் பாக்கலக்கா."

அவள் கையிலிருந்த டம்ளர் சாய்ந்து போர்வை நனைந்தது. பிரேக் பிடிக்கவில்லை என்றுதான் ஊரெல்லாம் பேச்சு. அவன் தங்கையும் அப்படித்தான் நம்பியிருந்தாள். போர்வையை மாற்றினாள். வேறு தண்ணீர் கொண்டுவந்து, குடித்து முடிக்கும்வரை நகராமல் நின்றாள்.

மறுநாள் காலை அவனைப் புரட்டிப் படுக்கவைத்து, முதுகு துடைத்து, நிமிர்த்தி உட்காரவைத்தாள். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"சண்டைய நிறுத்த வௌவாலுங்க மூணு கிரகம் கேக்குதுங்கடா."

"இன்னொரு தடவ படிக்கா."

படித்தாள். இந்தத் தடவை அவனும் வரி வரியாகப் பார்த்தான்.

"குடுத்துடு. அப்புறம் தங்கச்சிக்கு ஃபோன் போட்டுக் குடு. அவகிட்ட சொல்லணும்."

அவள் இரண்டையும் அந்த வரிசையிலேயே செய்தாள்.