அறுபத்தெட்டு

நெவில் லார்ட்டர் நாற்பத்தொரு வருடம் சர்க்கரை ஆலையில் பீட் கிழங்கு கழுவும் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டவன். அந்த இயந்திரம் நாலு விதமாகக் கத்தும், நாலுக்கும் அவனுக்கு அர்த்தம் தெரியும். அதனால் ஓய்வு பெற்றதும் மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தைக் காட்டும் மெட்டல் டிடெக்டர் வாங்கியபோது, ஒரு வாரத்தில் பழகிவிடலாம் என்று நினைத்தான். நான் அப்போதே சொன்னேன், கேட்டால்தானே.

எங்கள் புதையல் தேடுவோர் சங்கத்தில் புது இயந்திரம் பழகுவதற்கு ஒரு வழக்கம் உண்டு. சொந்தப் புல்தரையில் தெரிந்த பொருள்களைத் தெரிந்த ஆழத்தில் புதைத்து, ஒவ்வொன்றின் மேலும் ஐஸ் குச்சி நட்டு, எழுதி வைக்க வேண்டும். பிறகு இயந்திரத்தின் தட்டை அவற்றின் மேலே ஆட்டிப் பார்த்து, எதற்கு என்ன சத்தம், திரையில் என்ன எண் என்று மனப்பாடம் செய்ய வேண்டும். நெவில் ஒரு பழைய பென்னிக் காசு, ஒரு ஆணி, ஒரு ஈயக் குண்டு, ஒரு சோடா மூடி எல்லாம் புதைத்தான். தங்கத்துக்கு எங்கே போவது? மனைவி ஹிலரியின் மோதிரம் பல வருடமாக அவள் விரலை விட்டுக் கழல்வதே இல்லை. ஆகவே தன் கல்யாண மோதிரத்தை ஆறு அங்குல ஆழத்தில் புதைத்து, குச்சியில் ‘தங்கம்’ என்று எழுதினான். ஆலையில் மோதிரம் போட அனுமதி இல்லாததால் அவன் அதை ஏதாவது விசேஷம் என்றால் மட்டும் போடுகிறவன். புதைத்ததைப் பற்றி மனைவியிடம் மூச்சு விடவில்லை.

மோதிரத்துக்குத் திரை அறுபத்தெட்டு என்று காட்டியது. கூடவே வந்த கையேட்டில் தங்க மோதிரம் ஐம்பதை ஒட்டி வரும் என்று போட்டிருந்தது. வேறு யாராக இருந்தாலும் கொஞ்சம் யோசித்திருப்பார்கள். நெவில் கையேட்டில் ஐம்பதை அடித்துவிட்டு அறுபத்தெட்டு என்று எழுதினான். இயந்திரம் செய்த கம்பெனிக்கு இரண்டு பக்கத்தில் கடிதமும் போட்டான்.

அந்த வசந்தம் முழுக்க அவன் வயலில் அறுபத்தெட்டை மட்டுமே தோண்டினான். ஐம்பது வந்தால் “குப்பை, குப்பை” என்று தாண்டிப் போய்விடுவான். எங்கள் ஊர் ஸ்வாஃபம் பக்கத்து வயல்களில் அறுபத்தெட்டு என்றால் என்ன தெரியுமா? வேட்டைத் தோட்டாவின் பின்பக்கத்துப் பித்தளை மூடி. நூற்றைம்பது வருடமாக ஃபெசன்ட் பறவையைச் சுட்டுத் தள்ளியவர்கள் விட்டுப் போனது. நெவில் இரண்டு வாளி நிறையச் சேர்த்துவிட்டான்.

“என்ன நெவில், போருக்குக் கெளம்பிட்டியா?” என்று கேட்டால், “பொறுமையா இருங்கடா. ஒரு நாள் இந்த நம்பர்ல தங்கம் வரும், அன்னைக்குப் பாக்குறேன் உங்க மூஞ்சிய” என்பான்.

ஜூன் மாதம் அவர்களுக்கு நாற்பதாவது கல்யாண நாள். ஞாயிற்றுக்கிழமை விருந்து. ஹிலரியின் அக்கா ரோசலிண்ட் வருவதாகச் சொல்லியிருந்தாள். ரோசலிண்டுக்கு இந்தக் கல்யாணம் அன்றிலிருந்து இன்றுவரை பிடிக்காது. ஆலைக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டு என்ன கண்டாய் என்று ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஏதாவது ஒரு விதத்தில் கேட்டுவிடுவாள். அக்கா வருகிறாள் என்று வியாழக்கிழமை ஹிலரி தோட்டத்தைச் சுத்தம் செய்தாள். புல்வெட்டிக்கு இடைஞ்சலாக இருந்த அழுக்குக் குச்சிகளை எல்லாம் பிடுங்கிக் கொட்டிலுக்குப் பின்னால் எறிந்துவிட்டு, பச்சைக் கம்பளமாக வெட்டி முடித்தாள்.

நெவில் வந்து பார்த்தான். அன்றைக்கு அவன் குடித்த டீயில் சர்க்கரை போடவில்லை, அது அவனுக்குத் தெரியவும் இல்லை.

வெள்ளிக்கிழமை ஹிலரி கேக் சாமான் வாங்கப் போனதும் இயந்திரத்தை எடுத்தான். வலப்பக்கம் ஆட்டினால் அறுபத்தெட்டு. இடப்பக்கம் அறுபத்தெட்டு. ரோஜாச் செடிக்கு அடியில் மூன்று அறுபத்தெட்டு. அந்தத் தோட்டத்தில்தான் ஹிலரியின் அப்பா ஊர் டிராக்டர்களை எல்லாம் பிரித்து மாட்டிக்கொண்டிருந்தார். வீடு அவருடையது, இப்போது ஹிலரி பேரில் இருக்கிறது. நெவில் எனக்குப் போன் செய்து மூச்சிரைக்கச் சொன்னான்:

“டேய், என் மாமனாரு பூரா தங்கத்தையும் பொதச்சு வெச்சுட்டுப் போயிருக்காருடா!”

நான் போய்ப் பார்த்தபோது பதினாலு குழி. பக்கத்தில் பித்தளை நட்டு, பித்தளைக் குழாய், பித்தளை வளையம் எனக் குவியல். ஹிலரி வந்தால் அகழெலி தோண்டியது என்று சொல்லப் போகிறானாம். அகழெலி இவ்வளவு சதுரமாகத் தோண்டுமா?

வேறு வழியில்லாமல் சங்கத் தலைவர் பேசில் கூச்சைக் கூப்பிட்டோம். பேசில் வரிசை போட்டுத் தேடுவதில் கெட்டிக்காரர். கண்டெடுத்த பொருளைப் பற்றி ஒரு வார்த்தை கூட்டியோ குறைத்தோ முப்பது வருடத்தில் சொல்லாதவர். நான் தோண்டியெடுத்த பொத்தான் ஒன்றைப் பத்து வருடம் பழசாக்கிச் சொல்லும்படி கெஞ்சியிருக்கிறேன், மாட்டேன் என்றுவிட்டார். அவர் வாசல் கேட்டைத் தாண்டி உள்ளேயே வரவில்லை.

“நில உரிமையாளர் கையெழுத்து எங்க?”

“தலைவரே, இது என் வீடு!”

“ஹிலரி பேர்ல இருக்கு. அவங்க எழுதிக் குடுக்காம என் ஆளுங்க ஒரு புல்லக்கூடப் பிடுங்க மாட்டாங்க.”

மோதிரத்தைத் தொலைத்த விஷயம் மனைவிக்குத் தெரியாமல் இருக்க, மனைவியிடம் அனுமதி வாங்க வேண்டும். எங்கள் சங்க விதிகளின் அழகு அப்படி.

ஹிலரி மாவு மூட்டையோடு வந்தாள், குழிகளைப் பார்த்தாள், பேசில் நீட்டிய அனுமதிப் படிவத்தையும் பார்த்தாள். நெவில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். கத்துவாள் என்று நானும் பேசிலும் வேலிப் பக்கம் நகர்ந்தோம். அவள் கத்தவில்லை, முகம்தான் வெளுத்துப் போனது.

“வேணாம். அது அங்கயே கெடக்கட்டும்.”

“ஹிலரி, உன் அக்கா வந்ததும் மொதல்ல என் விரலத்தான் பாப்பா!”

“தேட வேண்டாம்னா வேண்டாம். கையெழுத்துப் போட மாட்டேன்.”

இவ்வளவு கோபமா என்று நெவில் நொறுங்கிப் போனான். எனக்கும் அது கோபமாகத்தான் பட்டது. இரண்டு மணி நேரம் அவன் சமையலறை வாசலில் நின்று கெஞ்சினான். கடைசியில், வெறும் விரலைப் பார்த்து ரோசலிண்ட் பேசப்போகும் பேச்சை நினைத்தோ என்னவோ, ஹிலரி படிவத்தைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டாள். அடியில் ஒரு வரியும் எழுதினாள்: கிடைத்ததை யாரும் பார்க்காமல் நேராக என்னிடம் கொடுக்க வேண்டும்.

“இப்படி ஒரு நிபந்தன இதுவரைக்கும் வந்ததில்லையே” என்று பேசில் தலையைச் சொறிந்தார்.

சனிக்கிழமை காலை ஐந்து கிழவர்கள், காதில் ஹெட்போன் மாட்டி, தோளோடு தோள் சேர்ந்து அந்தத் துக்கடா புல்தரையில் நடந்தோம். ஒருத்தன் இயந்திரத்தைக் கேட்டு இன்னொருத்தன் இயந்திரம் அலறியது. நெவில் இரும்பு மூக்கு வைத்த ஆலை பூட்ஸோடு வந்து, கால் மணி நேரம் தன் காலையே தோண்டப் பார்த்தான். பதினொரு மணிக்கு எனக்கு அறுபத்தெட்டு. ஆறு அங்குலத்தில் மோதிரம்.

பழக்க தோஷம். நிபந்தனையை மறந்து தண்ணீர் விட்டுக் கழுவி, பேசிலிடம் நீட்டிவிட்டேன். அவரும் மறந்துபோய் லென்ஸை எடுத்து உள்பக்கம் பார்த்தார்.

“தங்க முத்திரையே இல்ல. இது பித்தளை நெவில்.”

ஹிலரி டீத் தட்டோடு வாசற்படியில் நின்றிருந்தாள். தட்டை அப்படியே தரையில் வைத்தாள்.

“கல்யாணத்துக்கு மூணு வாரம் இருக்கறப்ப உன் மோட்டார் சைக்கிள் கியர் உடஞ்சுது. வண்டி இல்லாம ஆலைக்கு எப்படிப் போவ? பட்டாணி ஃபேக்டரியில நின்னு சேத்து வெச்ச மோதிரக் காச அதுல போட்டேன். இத சந்தையில வாங்கினேன். அக்கா பக்கத்துலயே நின்னா, ‘தங்கமா’ன்னு கேட்டா, ஆமான்னுட்டேன். அடுத்த வருஷம் மாத்திடலாம்னு இருந்தேன். அடுத்த வருஷம் நம்ம பையன் டெரன்ஸ் பொறந்தான். அப்புறம் சொல்ல வாய் வரல.”

நாங்கள் எல்லோரும் புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நெவில் மோதிரத்தைப் பார்த்தான், இயந்திரத்தைப் பார்த்தான். அவன் முகம் மெல்ல மலர்ந்தது.

“அப்ப மெஷின் சரியாத்தான் சொல்லிருக்கு! நான் சரியாத்தான் கேட்டிருக்கேன்! டேய், நான் தப்பே பண்ணலடா!”

“நாப்பது வருஷமா நெஞ்சுல வெச்சுப் புழுங்கியிருக்கேன், இவன் மெஷினப் பத்திப் பேசறான்!” என்று ஹிலரி கைத்துண்டால் அவனை அடித்தாள். நாலு அடிக்குப் பிறகு அழுதாள். நெவில் மோதிரத்தைச் சட்டையில் துடைத்து விரலில் மாட்டிக்கொண்டான். “இத விட்டா வேற எது எனக்கு மோதிரம், பைத்தியம்” என்றான். அவன் இவ்வளவு அழகாகப் பேசுவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஞாயிறு மதியம் ரோசலிண்ட் வந்தாள். குழிகளின் மேல் நாங்கள் மேசைகளைப் போட்டு மறைத்திருந்தோம். முட்டை சாண்ட்விச் இரண்டாவது சுற்று வரும்போது அவள் நெவிலின் இடது கையை எட்டிப் பிடித்தாள்.

“என்ன இது, மஞ்சளா மினுக்குது? தங்கம்தானா? இங்க இதெல்லாம் தெரிஞ்சவரு யாரோ இருக்காருன்னீங்களே?”

ஹிலரியின் கையில் இருந்த டீ கெட்டில் கோப்பையைத் தாண்டி மேசை விரிப்பில் ஊற்றியது. பேசில் கூச் சாண்ட்விச்சைக் கீழே வைத்தார், விரல்களைத் துடைத்தார், லென்ஸை எடுத்தார். நெவிலின் விரலை அப்படியும் இப்படியும் திருப்பி வெகுநேரம் பார்த்தார். அவர் காது இரண்டும் சிவந்துபோனதை நான் பார்த்தேன்.

“இருபத்திரண்டு காரட் மேடம். இப்பெல்லாம் இந்த மாதிரிச் சொக்கத் தங்கம் கெடைக்கறதில்ல” என்றார்.

ரோசலிண்ட் கையை விட்டுவிட்டாள். ஹிலரி கெட்டிலை வைத்துவிட்டு நெவில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மேசைக்கு அடியில் அவனுடைய வலது கையைப் பிடித்துக்கொண்டாள். அக்காவின் கார் கிளம்பும்வரை அவள் விடவில்லை. கேக்கை அவன் இடது கையால்தான் தின்றான்.