பன் அடுப்பில் வெந்த கண்ணாடி

கண்ணாடியைச் சக்கரக் கத்தியால் கீறும்போது வருகிற 'கிறீச்' சத்தத்துக்கு எனக்கு இன்றைக்கும் பல் கூசும். விவேக் நகரில் நாங்கள் வாடகைக்குக் குடியிருந்த சந்தின் கோடியில், சோடா கம்பெனிக்காரர் காலி செய்துவிட்டுப் போன ஷெட்டில், நான் ஐந்தாவது படித்த வருஷம் ஒரு கண்ணாடிக் கலைக்கூடம் வந்தது. அதை நடத்திய ஷோபா மேடம் மைசூர்க்காரர். எங்கள் சந்துப் பெண்களுக்கு வண்ணக் கண்ணாடி வெட்டவும், வெட்டிய துண்டுகளை அடுக்கிச் சூளையில் உருக்கி ஒட்டவும் சொல்லிக்கொடுத்தார். சூளை என்ற சொல் எங்கள் பெண்கள் வாயில் நுழையவில்லை. மூடி போட்ட பெட்டியாக இருந்த அதற்கு "பன் அடுப்பு" என்று அம்மா பேர் வைத்தாள், அதுவே நிலைத்துவிட்டது.

அந்த வருஷம் சந்தில் யாருக்கும் நிம்மதியாகச் சோறு இறங்கவில்லை. வீடுகளை இடித்து ரோட்டை அகலமாக்கப் போகிறார்கள் என்று ஒரு பேச்சு. இல்லையில்லை, சாக்கடையை மூடி, விளக்குப் போட்டு, சந்தையே புதுசாக்கித் தரப்போகிறார்கள் என்று இன்னொரு பேச்சு. ஓர் ஆபீஸர் நேரில் வந்து பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்வாராம். சந்து ஜனங்களே கூடிச் செய்த பெரிய கண்ணாடிச் சித்திரம் ஒன்று முகப்பில் நின்றால் அவருக்கு இடிக்க மனசு வராது என்று மேடம் சொல்ல, பெண்கள் அத்தனை பேரும் வீட்டு வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஷெட்டுக்கு ஓடினார்கள். அப்பா ஆட்டோவை நிறுத்திவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தால், "வூடு நிக்குமா, பூடுமா?" என்பதைத் தவிர வேறு பேச்சே கிடையாது. அம்மா எரிந்து விழுவாள்: "நிக்கும். நல்ல வார்த்தையே உன் வாயில வராதா?"

ஆபீஸர் வருகிற நாள் காலையில், சித்திரத்தின் நடுத்துண்டு மட்டும் இன்னும் சூளைக்குள் இருந்தது. கேரம் போர்டு அளவு, முந்தின நாள் உருக்கியது. அது தானாக ஆறவேண்டும், தான் வரும்வரை ஒருத்தரும் மூடியைத் தொடக்கூடாது என்று மேடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆனால் எங்கள் சந்தில் புது ஆட்டோவோ, புது மிக்ஸியோ, எது வந்தாலும் கோயிலிலிருந்து ஃபாதர் வந்து மந்திரித்துத் தீர்த்தம் தெளிக்காமல் கை வைக்கமாட்டோம். இத்தனை குடும்பத்தின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிற பொருளை மந்திரிக்காமல் மாட்டிவிடுவதா? பூசை முடிந்த கையோடு ஃபாதரை அழைத்துவந்துவிட்டார்கள். அவர், பாவம், பயந்த சுபாவம். "மூடி மேலயே தெளிச்சிடறேனேம்மா" என்றார்.

"அது எப்படி ஃபாதர்? படத்து மேல பட்டாத்தானே மந்திரிச்ச மாதிரி!" என்று சொல்லிக்கொண்டே அம்மா கையில் துணியைச் சுற்றி மூடியைத் தூக்கினாள்.

கதவோரம் நின்ற என் முகத்தில்கூட அனல் அடித்தது. தீர்த்தம் விழுந்தது, 'ணங்' என்று ஒரு சத்தம், நடுத்துண்டு மேலிருந்து கீழ்வரை வளைந்து நெளிந்து இரண்டாகப் பிளந்தது.

பக்கத்து வீட்டு மேரி அக்காதான் முதலில் வாயைத் திறந்தாள்: "அடிப்பாவி, எங்க எல்லார் குடியையும் கெடுத்துட்டியேடி!" அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அம்மா அழுது அதுவரை நான் பார்த்ததில்லை. மேரி அக்கா மேல் அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம், சத்தியமாகச் சொல்கிறேன், இன்னும் முழுசாகத் தணியவில்லை.

மேடம் வந்து பார்த்துவிட்டு, "ஐயோ தேவரே!" என்று தலையில் கை வைத்தார். பிறகு, "அழறது அப்புறம் அழலாம், முதல்ல இது ஆறட்டும்" என்றவர், கோயில் ஜன்னல்களில் கண்ணாடிகளை இணைத்திருக்குமே, அந்த மாதிரி ஈயப் பட்டை ஒன்றை விரிசலின் போக்கிலேயே வளைத்து இரண்டு பாதியையும் சேர்த்தார். மாட்டி முடித்த கொஞ்ச நேரத்தில் ஜீப் வந்து நின்றது.

ஆபீஸர் வெகுநேரம் பார்த்தார். கறுப்பாக நெளிந்து ஓடிய அந்தப் பட்டையைக் காட்டி, "இது நிம்ம ரஸ்தேனா?" என்று கன்னடத்தில் கேட்டார். உங்கள் தெருவா என்கிறார்! எல்லார் கண்ணும் அம்மா மேல் திரும்பியது. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஹௌது சார், நம்ம சந்தே" என்றாள். "சென்னாகிதே" என்று அவர் தலையாட்டினார். நன்றாக இருக்கிறதாம்! மேரி அக்காதான் முதலில் கை தட்டினாள்.

சந்து பிழைத்தது. சாக்கடை மூடினார்கள், விளக்கு வந்தது, சித்திரத்தைப் பார்க்க ஜனம் வந்தது, ஜனத்தைப் பார்த்து காபிக் கடை வந்தது. அதன் பிறகுதான், இந்த இடத்துக்கு இனி எவ்வளவு வாடகை கேட்கலாம் என்று வீட்டுக்காரர்கள் விழித்துக்கொண்டார்கள். அடுத்தடுத்த வருஷங்களில் ஒவ்வொரு குடும்பமாகக் காலி செய்யச் சொன்னார்கள். மேரி அக்கா ஓசூர் போனாள், நாங்கள் சந்தாபுரா வந்தோம். இடிக்காமலே எங்களை வெளியே அனுப்ப முடியும் என்று அதுவரை யாருக்கும் தோன்றவேயில்லை.

இப்போது எனக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. போன மாதம் ஒரு வியாழக்கிழமை அம்மாவை எங்கள் பழைய கோயிலுக்குக் கூட்டிப்போனவள், அப்படியே சந்துக்குள்ளும் நுழைந்தேன். கலைக்கூடம் பளபளவென்று இருக்கிறது. ஒரு பையன் சித்திரத்தின் முன்னால் நின்று, வந்தவர்களுக்கு ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தான். என்ன சொல்கிறான் என்று அம்மா கேட்டாள். இந்தச் சந்துக்காரர்களே கையால் செய்ததாம், இதனால்தான் அவர்கள் வீடுகள் எல்லாம் தப்பித்ததாம் என்று சொன்னேன். அம்மா நேராக அவனிடம் போனாள்.

"ஏம்பா, அவங்க வூடெல்லாம் தப்பிச்சுதுன்னு சொல்றியே, அதுல யாராச்சும் ஒருத்தர் வூட்டக் காட்டேன், ஒரு எட்டு பாத்துட்டுப் போறேன்."